ஏழாவது தட்டு

எட்டு இரும்புத் தட்டு.
என் உருளையில் ஆறு ரவை.
இந்தக் கட்டத்தை வரைந்தவர் பிஸ்டல்காரர்
என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"கணக்குச் சரிவராதே அக்கா" என்கிறான் ஸியாட்,
பதினேழு விழுங்கும் தன் மகசினைத் தட்டிக்கொண்டு.
எனக்குக் கணக்குத்தான் தொழில், தம்பி.
கொள்ளுப்பிட்டியில், காப்புறுதிக் கம்பனியின் நாலாம் மாடியில்
வெள்ளி பின்னேரம் வரை
அடுத்தவரின் விபத்துகளைக் கூட்டிக் கழிக்கிறேன்.

ஞாயிறென்றால் வெள்ளவத்தையில் முதல் பஸ்,
இறங்கி ஒரு ஆட்டோ,
சதுப்பு மணக்கும் மண்மேட்டுக்கு முன்னால் நாங்கள்.
கொக்குகள் முதல் வெடிக்கு எழும்பும்.
இரண்டாவதுக்குத் தலையும் திருப்பாது.

கழக அலுமாரியில் கையெழுத்து வைத்து எடுக்கிறேன்:
நாலங்குலக் குழல், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட.
பிடி என் கைக்குப் பெரிதாயிருந்தது.
ஃபேர்ன்லி ஜான்ஸ் மூன்று வாரம் அரத்தால் ராவி
பெருவிரலுக்கு ஒரு பள்ளம் வைத்துத் தந்தார்.
கூலி, காலிமுகத்திடலில் நாலு இறால் வடை.

உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில்
என் பெயரை இரண்டு தரம் வாசித்தார் ஒருவர்.
"என்னத்துக்கு?"
விளையாட்டுக்கு என்றேன்.
மூன்றாந்தரமும் வாசித்தார்.
மின்விசிறி கிறீச்சிட்டது. முத்திரை விழுந்தது.

பெற்றோல் வரிசையில் படுத்துறங்கிய வருஷம்
ரவைக்கு வரிசைகூட இருக்கவில்லை.
கழகச் சுவரில் என் ஒட்டுப்பொட்டை ஒட்டி
வெறும் துப்பாக்கியால் குறி பார்த்தேன்,
குழலின் மேல் ஒரு இரண்டு ரூபாய்க் குத்தி.
குத்தி விழாமல் சுத்தியல் விழவேண்டும்.
டிக்.
நாலாயிரம் தரம் டிக்.
பொட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது,
பல்லி எச்சத்துக்குப் பக்கத்தில்.

நிலாத் தகடுகளை இரேஷா பார்த்துக்கொள்வாள்.
பல் வைத்தியர்; மயிரளவு கோணலையும் நகத்தால் கண்டுபிடிப்பாள்.
ஆறு ரவையைக் கவ்வும் மெல்லிய உருக்கு வட்டம் அது.
ஒரு பல் வளைந்தால் உருளை சுற்றாது,
நடு மைதானத்தில் சிலை மாதிரி நிற்கவேண்டியதுதான்.

கட்டளைகள் எல்லோருக்கும் ஆங்கிலத்தில்.
பிழைத்தால் திட்டுவது அவரவர் தாய்மொழியில்.

"ஸ்டாண்ட் பை."
பீப்.

ஒன்று, இரண்டு, பிறகு எண்ணவில்லை,
ஆறாவது சரியுமுன்பே உருளை வெளியே,
உள்ளங்கை தண்டில் அடிக்க
வெற்றுக் கோதுகள் ஒரே கொத்தாய் மணலில்,
புது நிலா உள்ளே,
டக்.
அந்த இரண்டே முக்கால் செக்கனில்
எனக்குப் பின்னால் ஒருவரும் கதைக்கவில்லை.

ஏழாவதில் பட்டது.
ணங் என்றது. வெள்ளைப் பூச்சில் ஈயச் சாம்பல் தெறித்தது.
விழவில்லை.
எட்டாவது விழுந்தது.
ஏழாவது மட்டும்
காசு வாங்கிய சாட்சி மாதிரி அசையாமல் நின்றது.

நடுவர் ரொட்ரிகோ குந்தியிருந்து பார்த்தார்.
பிணைச்சலில் துரு.
குற்றம் தட்டினுடையது; திரும்பச் சுடலாம்.

திரும்பச் சுட எட்டு வேண்டும்.
என்னிடம் எஞ்சியது நாலு.

ஸியாட் தன் மகசினிலிருந்து
ஒவ்வொன்றாய்ப் பெருவிரலால் தள்ளினான்.
நாலு காணும் என்றேன்.
"தவறினால்?" என்று எட்டு வரை தள்ளினான்.
இரேஷா வாங்கி, டக் டக்கென்று தகட்டில் பூட்டினாள்.

ஒன்று தவறத்தான் செய்தது.
முந்தியதைவிட ஒரு செக்கன் பிந்தித்தான் முடித்தேன்.
ஆனால் ஏழாவது விழுந்தது,
பிணைச்சலுக்கு ஜான்ஸ் விட்ட தையல்மெசின் எண்ணெய்
காற்றில் மணக்க.

உருளையைத் திறந்து காட்டினேன்.
ரொட்ரிகோ ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
ஆறு துளையிலும் வெளிச்சம்.
ஒன்றுக்குள்ளால் ஒரு கொக்கு நடந்து போனது.

திரும்பும் பஸ்ஸில், காது இன்னும் இரைய,
கொப்பியில் எழுதினேன்:
ஸியாட், ரவை எட்டு.
பக்கத்தில் இன்றைய விலையையும் போட்டேன்.
கணக்கென்றால் கணக்கு.